மாடு ஒன்று, அக்கி ஒன்று

மல்லம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவள் வாய்க்குள் வராத ஒரே எழுத்து ஹ. முயன்று தோற்றாள் என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். அவளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. ஹனூரை அனூர் என்பாள், ஹுணசூரை உணசூர் என்பாள். கண்டக்டர் சீட்டுக் கொடுப்பார், பஸ் சரியான ஊரில்தான் போய் நிற்கும். பிறகு எதற்கு மூச்சை வீணாக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

பிறந்தது ராமாபுரம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். நாலாம் வகுப்பில் ஒரு வாத்தியார் இந்த எழுத்தை அவள் வாயில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், காற்று கையில் பட வேண்டும். வகுப்பு முழுக்கக் காற்றடித்தது, மல்லம்மா கையில் மட்டும் படவில்லை. கடைசியில் வெறுமனே ஊதவாவது ஊது என்றார். ஊதினாள். மேஜைமேல் இருந்த சாக்பீஸ் தூள் மொத்தமும் வாத்தியார் மூக்கில் ஏறியது. அன்றோடு அந்த எழுத்துக்கும் அவளுக்கும் தீர்ந்தது. அந்தப் பக்கத்தில் கன்னடக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு ஹ கிடையாது என்பதால் யாரும் அவளைக் குறையாகச் சொன்னதும் இல்லை.

மாதப்பனைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தாள். தேவராஜ மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் வீடு. மாதப்பன் மார்க்கெட்டில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். தங்கமான மனுஷன், ஆனால் ஒரு நாளைக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் செலவழிக்க மாட்டான். வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் மல்லம்மா மாடு வாங்கினாள் என்று சந்தில் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை.

மாட்டின் பெயர் கௌரி. செவலை மாடு. மார்க்கெட்டில் மிஞ்சும் காலிஃபிளவர் தழையையும் முட்டைக்கோஸ் மேலிலையையும் கௌரி தின்பாள். கடைக்காரர்களுக்குக் குப்பை வாருகிற வேலை மிச்சம். கௌரியின் பால் சந்து முனை டீக்கடைக்குப் போகும். டீ மறுபடி அதே கடைக்காரர்களின் வயிற்றுக்குள் போகும். இதில் யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் நான்தான் என்பார்கள். எல்லோரும் சொல்வது சரிதான்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் நின்றது ஒரு மைனாவின் காலில்.

அந்த மைனாவுக்கு மண்டையில் ஓர் இறகு கிடையாது. கழுத்துக்கு மேலே வெறும் மஞ்சள் தோல். என்ன நோயோ, பிறவியோ, தெரியாது. மல்லம்மா அதற்கு மொட்டை என்று பேர் வைத்தாள். விடியற்காலையில் மார்க்கெட் கூரையிலிருந்து இறங்கிக் கௌரியின் முதுகில் உட்காரும். காதுக்குள் தலையை விட்டு உண்ணி பொறுக்கும். கழுத்து, தொடை இடுக்கு, வால் வேர் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும். மொட்டைக்கு வயிறு நிறையும், கௌரிக்கு அரிப்பு தீரும். கௌரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்பாள், அப்போதுதான் மடியில் பால் இறங்கும். மொட்டை வராவிட்டால் இறக்க மாட்டாள், எக்கிக்கொள்வாள். புண்ணாக்கு வைத்தாலும் சரி, கன்று வந்து முட்டினாலும் சரி, ஒரு சொட்டு வராது. என்றாவது மொட்டை தாமதமாக வந்தால் டீக்கடை தாமதமாகும், டீ குடிக்காத மூட்டைக்காரர்கள் மூட்டை தூக்க மாட்டார்கள், மார்க்கெட்டில் ஒருவரை ஒருவர் திட்டுவார்கள். காரணம் மொட்டை மைனா என்பது மல்லம்மாவுக்கு மட்டும் தெரியும்.

இத்தனைக்கும் அவள் அதற்கு ஒரு பருக்கை போட்டதில்லை. “நான் எதுக்குப் போடோணும்? அது என்ற கிட்டயா வேல பாக்குது, கௌரி கிட்ட பாக்குது” என்பாள். ஆனால் காலையில் அது வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சு அதனோடுதான். ஏன் லேட்டு, எங்கே சுத்தினே, கால்ல என்ன சேறு என்று கேள்வி மேல் கேள்வி. மொட்டை பதிலுக்குக் கத்தும். மாதப்பன் ஒரு வாரத்தில் பேசுவதை அது கால் மணியில் பேசிவிடும்.

போன தசராவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஊரில் சுத்தம் கிளம்பியது. நடமாடும் கால்நடை ஒழுங்குப் பிரிவு என்ற பெயரில் ஒரு லாரி சுற்றியது. திங்கட்கிழமை பகலில், வாழைத்தார் மண்டிக்குப் பின்னால் சும்மா நின்றிருந்த கௌரியைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். மல்லம்மா ஓடிப் போய்ச் சேர்வதற்குள் லாரியின் பின்கதவை மூடியாயிற்று. லாரிக்குப் பக்கத்தில் ஒரு குமாஸ்தா பேரேட்டை விரித்துக்கொண்டு நின்றிருந்தான். பெயர் பசவராஜ், தார்வாடு பக்கத்துப் பையன், மைசூருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவன் ஊரில் ஹ என்றால் ஹ-தான், ஒருவரும் கீழே போட மாட்டார்கள்.

“மாட்டுக்கு அடையாளம் சொல்லுங்க” என்றான் கன்னடத்தில்.

மல்லம்மாவும் கன்னடத்தில்தான் சொன்னாள். செவலை மாடு, இடது கொம்பு கொஞ்சம் வளைந்திருக்கும், மேலே எப்போதும் ஓர் அக்கி இருக்கும்.

இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. கன்னடத்தில் ஹக்கி என்றால் பறவை. ஹ போய்விட்டால் அக்கி. அக்கி என்றால் அரிசி. மல்லம்மாவுக்கு இரண்டுமே அக்கிதான். பறப்பது ஒன்று, வேகவைப்பது ஒன்று, இதில் என்ன குழப்பம் என்று வாழ்ந்துவிட்டவள். பசவராஜோ மார்க்கெட்டைப் பார்த்தான். ஸ்கூட்டரில் வாழைத்தார் போகிறது, சைக்கிளில் கோழி போகிறது, மாட்டு முதுகில் அரிசி போகாதா என்ன என்று நினைத்து, ‘ஹசு 1, அக்கி 1 (மேலே)’ என்று எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். ஹசு என்றால் மாடு.

மல்லம்மாவுக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியும். வீட்டுக்கு வந்து சீட்டை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மாடு ஒன்று, பறவை ஒன்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மொட்டையைக்கூட மறக்காமல் எழுதிக்கொண்டானே, நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டாள்.

பிடித்த மாடுகளை அடைக்கும் பட்டி ஊருக்கு வெளியே, ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற வழியில், கரும்புக் காட்டை ஒட்டி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மல்லம்மா பஸ் ஏறிப் போனாள். கட்ட வேண்டிய அபராதத்தைக் கட்டினாள். பசவராஜ் பேரேட்டைத் திறந்து விரல் வைத்துப் படித்தான். எழுந்து போய்க் கௌரியைப் பார்த்தான். முதுகைப் பார்த்தான். வயிற்றுக்கு அடியிலும் குனிந்து பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“ஹசு இருக்கு. அக்கி எங்கே?”

“அது இங்க எப்படி சாமி இருக்கும்? மார்க்கெட்டுல இருக்கும்.”

“நேத்து மாட்டு மேல இருந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இருந்தது. லாரில ஏத்தறப்பப் பறந்து போச்சு.”

பசவராஜ் பேனாவைக் கீழே வைத்தான். “அக்கி பறந்து போச்சா?”

“பின்ன, நடந்தா போகும்?”

பசவராஜ் நேர்மையான பையன், அதுதான் அவனிடம் இருந்த கஷ்டம். காவலில் எடுத்த பொருள் ஒன்று குறைகிறது. குறைந்தால் யாரோ எடுத்திருக்க வேண்டும். பட்டியில் இருப்பவர் ஒரே ஒருவர், காவலாளி புட்டசாமி. அவரைக் கூப்பிட்டு, அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டான்.

புட்டசாமி மண்டியாப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். அவருக்கும் ஹ கிடையாது. மல்லம்மா சொன்னது இன்னதென்று அவருக்குக் கேட்டவுடனே புரிந்துவிட்டது. “சார், அது அக்கி இல்ல. அக்கி” என்றார் பொறுமையாக.

“எது?”

“நீங்க அக்கின்னு எழுதியிருக்கீங்க. அந்தம்மா சொன்னது அக்கி இல்ல. அக்கி.”

“அதேதானுங்க” என்றாள் மல்லம்மா. “அக்கின்னு சொன்னா இவரு அக்கின்னு எழுதியிருக்காரு.”

பசவராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தன்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று அவன் முகம் சிவந்தது. அதைக் கண்ட மல்லம்மா வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் விரித்து ஆபீசுக்குள் ஒரு சுற்றுப் பறந்து காட்டினாள். புட்டசாமி வாயைக் குவித்து மைனா மாதிரி கத்தினார். பசவராஜுக்கு மெல்ல வெளிச்சம் வந்தது.

“ஹக்கி?”

“அப்பாடா” என்றாள் மல்லம்மா. “அக்கி.”

புரிந்தது. புரிந்து என்ன பயன்? பேரேட்டில் எழுதியதை அடிக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. சூபரின்டெண்ட் வந்துதான் திருத்த வேண்டும். அவர் வியாழக்கிழமை வருவார். அதுவரை பேரேட்டில் அரிசி, மாட்டின் மேல் ஒன்றுமில்லை. பொருள் குறைகிற மாட்டை வெளியே விடக் கூடாது.

அவசரம் வேறு இடத்தில் இருந்தது. கௌரியைக் கறந்து ஒரு நாள் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை பட்டியிலேயே மல்லம்மா உட்கார்ந்து பார்த்தாள், வரவில்லை. புதன்கிழமை விடிந்ததும் மறுபடி வந்தாள். மடி விம்மிச் சூடாக இருந்தது, கை வைத்தால் கௌரி உதைத்தாள். மாட்டு டாக்டர் லீவில் இருந்தார். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். இழுத்துப் பிழிந்ததில் காம்புக்குக் கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான். மல்லம்மாவுக்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது. மடி கல்லாகிவிட்டால் அந்தக் காம்பில் இனி எப்போதும் பால் வராது. பால் வராத மாட்டை அந்தச் சந்துக்குள் வைத்துக்கொள்ள வழியில்லை. கௌரியை எங்காவது ஓட்டிவிடத்தான் வேண்டும்.

மொட்டை கைக்கு அகப்படுகிற பறவை இல்லை, பிடித்துக்கொண்டும் வர முடியாது. அன்று மத்தியானம் அவள் கடைசி வழியைப் பார்த்தாள். இரண்டு விரலை அலகு போலக் குவித்துக்கொண்டு கௌரியின் முதுகில் கொத்தினாள். காதுக்குள் விரலை விட்டு உண்ணி எடுத்தாள். மொட்டை போகிற அதே வரிசையில் கழுத்து, தொடை இடுக்கு, வால் வேர் என்று போனாள். புட்டசாமி பக்கத்தில் நின்று மைனா மாதிரி கத்திக்கொடுத்தார். கௌரி திரும்பி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் மல்லம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டது அன்று ஒரு நாள்தான் இருக்கும். பால் இறங்கவில்லை.

வியாழக்கிழமை சூபரின்டெண்ட் வந்தார். பெயர் வெங்கடராமன். அப்பா காலத்தில் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பம். கறார் பேர்வழி, ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. மல்லம்மா வாயைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“தமிழாம்மா நீ? இந்த ஆபீஸ்ல தமிழ் பேசி எத்தனை நாளாச்சு. உக்காரும்மா. ஸ்வல்ப நிதானமா சொல்லு.”

மல்லம்மாவுக்கும் உயிர் வந்தது. தமிழில் சொன்னால் ஹ இல்லாத வம்பெல்லாம் இருக்காதே என்று நினைத்தாள். பாவம், வம்பு அங்கேதான் காத்திருந்தது.

“என்ற மாட்டு மேல அக்கின்னு எழுதிட்டாங்க சாருங்க. அதுக்காக மாட்ட உட மாட்டேங்கறாங்க.”

வெங்கடராமன் நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளினார். தமிழில் அக்கி என்றால் உடம்பில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி எரிகிற நோய். அதற்கு வைத்தியமும் எழுதுவதுதான். குயவர் வந்து காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் படம் எழுதுவார். அதன் பெயரே அக்கி எழுதுவது. வெங்கடராமனுக்குச் சின்ன வயதில் இடுப்பில் வந்து எழுதியிருக்கிறார்கள். அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

“மாட்டுக்கு அக்கியா? எழுதியே ஆச்சா?”

“திங்கக்கெழமையே எழுதியாச்சுங்க.”

“யாரு எழுதினா?”

“பசவராஜ் சாருங்க.”

“பசவராஜுக்கு அக்கி எழுதத் தெரியுமா?”

“அவருதானுங்க எழுதினாரு. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்.”

வெங்கடராமன் ஜன்னல் வழியாகப் பக்கத்து அறையில் இருந்த பசவராஜைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த பையன், தார்வாடுக்காரன், அவனுக்குள் இப்படி ஒரு வித்தை இருக்கிறதே என்று அவருக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று. இருந்தாலும் விதி விதிதான். “அப்ப மாட்டை விடாதது சரிதாம்மா. மத்த மாட்டுக்கும் ஒட்டிக்கும். இருபத்தொரு நாள் தனியா கட்டி வைக்கணும்” என்றார்.

இருபத்தொரு நாள் என்றதும் மல்லம்மா எழுந்து நின்றுவிட்டாள். “சாருங்க, அது அந்த அக்கி இல்லீங்க. கன்னட அக்கிங்க.”

“அரிசியா?”

“அரிசியும் இல்லீங்க. இது இன்னொரு கன்னட அக்கி. மைனாங்க, மைனா. எங்க மொட்ட. அது மேல வந்து உக்காந்தாத்தான் இவ பால் எறக்குவா. மடி கல்லாட்டம் ஆகிட்டு வருதுங்க.”

வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“உங்க மைனாவா?”

“எங்க மைனாதானுங்க.” சொல்லும்போதே மல்லம்மாவுக்குப் பெருமையாக இருந்தது.

“இதை வெளில சொல்லிடாதேம்மா. காட்டுப் பட்சியை வெச்சிண்டிருக்கறது குத்தம். நான் ரிஜிஸ்டர்ல ஹக்கின்னு திருத்தினேன்னா, அது யாரோட ஹக்கின்னு எழுதணும். உன்னோடதுன்னு எழுதினா அடுத்த காகிதம் ஃபாரெஸ்டுக்குப் போகணும்.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாரும்மா. பறவைன்னா உன் மேல கேஸ். நோய்னா இருபத்தொரு நாள். அரிசின்னா காணாமப் போனது கிடைக்கணும். மூணு அக்கில உனக்கு எது சௌகரியம், சொல்லு.”

மல்லம்மா நின்றபடியே யோசித்தாள். வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. “அரிசியே இருக்கட்டுங்க” என்றாள்.

பசவராஜையும் புட்டசாமியையும் உள்ளே கூப்பிட்டார்கள். அரிசி கிடைத்தால் மாட்டை விடலாம் என்று வெங்கடராமன் அறிவித்தார். எவ்வளவு அரிசி என்று பசவராஜ் கேட்டான். பேரேட்டில் ஒன்று என்று மட்டும்தான் இருந்தது. ஒரு கிலோவா, ஒரு மூட்டையா? மூட்டை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் புட்டசாமி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வெங்கடராமன் அந்த வரியை மூன்று தடவை படித்தார். “முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்ல எழுதாததை நான் படிச்சதில்ல. கிலோன்னு இல்லை. மூட்டைன்னு இல்லை. ஒண்ணுன்னா ஒண்ணு.”

ஓர் அரிசி. ஒரே ஓர் அரிசி.

புட்டசாமி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு பருக்கையை எடுத்து நீட்டினார். பசவராஜ் மறுத்துவிட்டான். வெந்தது சோறு, வேகாததுதான் அக்கி என்றான். கன்னடத்தில் அவன் சொன்னது சரி என்பதால் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. புட்டசாமி கரும்புக் காட்டுக்குள் இருந்த குடிசை வரை நடந்து போய், உள்ளங்கையை மூடிக்கொண்டு ஓர் அரிசியோடு திரும்பி வந்தார். குடிசைக்காரி ஒரு படி தருகிறேன் என்றாளாம், ஒன்று போதும் என்றதும் இவரை ஒரு மாதிரி பார்த்தாளாம்.

நாலு பேரும் கௌரியிடம் போனார்கள். பேரேட்டில் ‘மேலே’ என்று இருந்ததால் அரிசியை முதுகில்தான் வைத்தாக வேண்டும். வைத்தார்கள். கௌரி தோலைச் சிலிர்த்தாள், அரிசி சாணியில் விழுந்தது. தேடி எடுத்துக் கழுவி வைத்தார்கள். மறுபடி சிலிர்த்தாள். மூன்றாம் தடவை வெங்கடராமன் தானே முழங்கால் போட்டுத் தேடினார். மல்லம்மா அரிசியைப் பார்க்கவில்லை, மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் இருந்ததைவிட இறுகியிருந்தது, ஒரு பக்கம் சிவந்தும் இருந்தது. இந்தக் கூத்து முடிந்து வீடு போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

நாலாம் தடவை வைத்தபோது அரிசி நின்றது. யாரும் மூச்சு விடவில்லை. அப்போது வாசலில் சரக்கு ஆட்டோ சத்தம் கேட்டது.

மாதப்பன்தான். ஆட்டோவின் பின் தட்டில் கௌரியின் கன்று கட்டியிருந்தது. தாயைக் காணாமல் மூன்று நாளாக அது கத்தியதில் சந்தில் ஒருவரும் தூங்கவில்லை, நீ கொண்டுபோய்க் காட்டு என்று தள்ளிவிட்டிருந்தார்கள். கன்றின் முதுகில், ஹைவே காற்றில் சிறகெல்லாம் கலைந்து, மொட்டை உட்கார்ந்திருந்தது.

“மூணு நாளா என்ற தலைலயே உக்காருது” என்றான் மாதப்பன். அன்றைய நாலு வாக்கியத்தில் ஒன்று அது. அவன் சட்டைத் தோளில் அதற்கான சாட்சி வெள்ளையாக வழிந்திருந்தது.

மொட்டை கௌரியைப் பார்த்தது. இரண்டே தாவலில் அவள் முதுகுக்கு வந்துவிட்டது. காலடியில் ஏதோ வெள்ளையாகக் கிடப்பதைக் கண்டது. தலையைச் சாய்த்துப் பார்த்து, அந்த அரிசியைக் கொத்தி விழுங்கிவிட்டு, கௌரியின் காதுக்குள் தலையை விட்டது.

பசவராஜ் பேரேட்டோடு உறைந்து நின்றான். கௌரி கண்ணைப் பாதி மூடினாள். ஒரு பெருமூச்சு விட்டாள். அடுத்த கணம் நாலு காம்பிலிருந்தும் பால் தானாகச் சொட்ட ஆரம்பித்தது.

மல்லம்மா எதையும் யோசிக்கவில்லை. சுவரில் தொங்கிய தீயணைப்பு வாளியை எடுத்து மணலைக் கொட்டினாள், தொட்டித் தண்ணீரில் அலசினாள், மாட்டுக்கு அடியில் குந்திவிட்டாள். முதலில் கட்டி கட்டியாக வந்ததைத் தரையில் பீய்ச்சினாள். அது வெங்கடராமனின் ஷூ மேல் விழுந்தது. அவர் நகரவில்லை. பிறகு நல்ல பால் வந்தது. வாளியில் சத்தம் கேட்கக் கேட்க இன்னும் வேகமாகக் கறந்தாள்.

வெங்கடராமன் மொட்டையைப் பார்த்தார். பசவராஜும் பார்த்தான். அவன் பேனா திறந்திருந்தது. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. கேட்டார்.

“இது யாரோட மைனா?”

புட்டசாமி கரும்புக் காட்டைப் பார்த்தார். மல்லம்மாவின் கை காம்பில் நின்றது. மேலே மொட்டை குரலெழுப்பிக்கொண்டிருந்தது. ஏன் மூணு நாளா காணோம், எங்கே போய்த் தொலைஞ்சே என்று கேட்கிற மாதிரியே இருந்தது அவளுக்கு.

“தெரியலீங்க” என்றாள் மாட்டுக்கு அடியிலிருந்து. “நான் பாத்ததில்லீங்க.”

சொன்னதும் முகம் சுட்டது. பெற்ற பிள்ளையைத் தெரியாது என்றால்கூட இப்படி இருந்திருக்காது என்று நினைத்தாள். மாதப்பன் அவளை ஒரு தடவை பார்த்தான். எச்சம் வழிந்த தோளோடு, “நானும் பாத்ததில்லீங்க” என்றான்.

“நல்லது” என்றார் வெங்கடராமன். “யாருமே பாத்ததில்லை. எழுதிக்கோ பசவராஜ்.”

“சார், அக்கியைத் தின்னுடுச்சே” என்றான் பசவராஜ்.

“ஒப்படைக்கறப்போ மேல இருந்தது. நான் பாத்தேன். அப்புறம் நடந்தது அவங்க சொந்த விஷயம்.”

சீட்டு எழுதிக்கொண்டுவந்தான். கை கழுவிவிட்டு வந்து மல்லம்மா அதை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘ஹசு 1, அக்கி 1. குறைவில்லாமல் பெற்றுக்கொண்டேன்.’ மறுபடியும் வாசித்தாள். பசவராஜுக்கு அது அரிசி. அது அவன் பாடு. வெங்கடராமன் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவள் பக்கம் பார்க்கவே இல்லை. நாலாம் வகுப்பு வாத்தியார் மட்டும் அன்று ஜெயித்திருந்தால் இந்தச் சீட்டில் தனக்கு வெறும் அரிசிதான் கிடைத்திருக்கும் என்று மல்லம்மா நினைத்தாள். வாழ்நாளில் எந்தக் காகிதத்திலும் போடாத அளவுக்குப் பெரிதாக, கோட்டுக்கு வெளியே போகிற மாதிரி கையெழுத்துப் போட்டாள்.

மாடு ஆட்டோவில் ஏறாது. மாதப்பன் கன்றோடு மெதுவாக முன்னால் போனான். மல்லம்மா கௌரியைப் பிடித்துக்கொண்டு ரோட்டு ஓரமாக மைசூரைப் பார்த்து நடந்தாள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மொட்டை கௌரியின் முதுகில் உட்கார்ந்து வந்தது.

கொஞ்ச தூரம் அவளால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு மடித்து இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து விரித்தாள்.

“அங்க சொன்னது ஆபீசுக்குடி” என்றாள். “இங்க பாரு, எழுதி வாங்கியிருக்கறேன். மாடு ஒண்ணு, அக்கி ஒண்ணு. கொறைவில்லாம வாங்கிட்டேன்னு கையெழுத்தும் போட்டிருக்கறேன்.”

மொட்டை கௌரியின் காதுக்குள் தலையை விட்டிருந்தது. அதனால் மல்லம்மா இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக வாசித்தாள்.